ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: நாமினேஷன் முதல் மார்க் ஷீட் கைக்கு வரும் வரை

பி.இ. ஏழாவது செமஸ்டரை நான் ஜெர்மனியில், ஆஹன் நகரத்தில் படித்தேன். நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் ஊர். டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நெதர்லாந்து, இன்னொரு பக்கம் பெல்ஜியம். அக்டோபரில் போய் மார்ச் கடைசியில் திரும்பினேன்.

அதன்பிறகு ஜூனியர்கள் நிறையப் பேர் பேசினார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும் அக்கா?" அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும்? அட்மிஷன் கடிதம் இல்லாமல் விசா இல்லை. தங்க அறை இல்லாமல் முகவரிப் பதிவு இல்லை. முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு திறப்பது கஷ்டம். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால், நீங்கள் முன்கூட்டியே கட்டி வைத்த உங்கள் பணமே உங்கள் கைக்கு வராது. இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர் இதில் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் சமாளித்துக்கொள்ளலாம். நமக்கு இருப்பதே ஐந்தாறு மாதம்தான். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

காலண்டரிலிருந்து தொடங்குங்கள்

நம் கல்லூரிகளில் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் அடுத்தது வந்துவிடும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கம் வரை நடக்கும். தேர்வுகள் அதற்கு அப்புறம்தான், மார்ச் வரைக்கும் இழுக்கும். கோடையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை வகுப்பு, பிறகு தேர்வு.

சிக்கல் இங்கேதான். குளிர்காலத்தில் போனால், நீங்கள் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கி இரண்டு மாதம் ஓடியிருக்கும். அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க் எல்லாம் கேள்விக்குள்ளாகும். கோடையில் போனால் இந்த மோதல் குறைவு. இங்கே ஜூலையில் தொடங்கும் செமஸ்டரின் முதல் சில வாரங்கள் மட்டும் அடிபடும். ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் இடைவெளியில் ஒரு இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிடலாம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் கோடைக்காலத்தையே எடுங்கள் என்பேன். வெளிச்சமும் அப்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் வரை இருக்கும்.

நான் எடுக்க வேண்டிய பாடங்கள் குளிர்காலத்தில் மட்டும் நடந்தன. அதனால் ஏழாவது செமஸ்டரில் போனேன். எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும் இருந்ததால், கைடிடம் முன்பே பேசி முதல் இரண்டு மாத வேலையை அங்கிருந்தே செய்ய ஒப்புதல் வாங்கினேன். இந்த ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்மா, போய்ட்டு வா" என்று சொன்ன அதே ஹெச்ஓடி, நீங்கள் திரும்பும்போது அந்தப் பதவியில் இல்லாமல் போகலாம்.

நாமினேஷனும் ஒரு தாளும்

எக்ஸ்சேஞ்ச் மாணவராகப் போவதென்றால் உங்கள் கல்லூரிக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தை இங்கே கட்டினால் போதும், அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. உங்கள் கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்துக்குப் போய், எந்தெந்தப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, எத்தனை இடங்கள், கடைசித் தேதி எது என்று கேளுங்கள். சில ஒப்பந்தங்கள் காலாவதியாகியும் பட்டியலில் மட்டும் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே கேட்பது நல்லது. அரியர் இருந்தால் பெரும்பாலும் பெயர் அனுப்ப மாட்டார்கள்.

ஜெர்மனிக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. ஐஐடி மெட்ராஸ் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கிருந்து ஜெர்மனிக்கு மாணவர்கள் செமஸ்டர் படிக்கப் போவது இன்றும் தொடர்கிறது. உதவித்தொகைக்கு இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்: 1925-இல் தொடங்கிய ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், அடுத்து ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ். எராஸ்மஸில் இந்தியக் கல்லூரிகளும் பங்கேற்கலாம். ஆனால் இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து விண்ணப்பித்துப் பணம் வாங்கியிருந்தால்தான் மாணவருக்குக் கிடைக்கும். இதையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

உங்கள் பெயரைக் கல்லூரி அனுப்புவதுதான் நாமினேஷன். அதன்பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம். அப்புறம் லேர்னிங் அக்ரிமென்ட் என்ற தாள் வரும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தத் தாளை வையுங்கள். நீங்கள் அங்கே எந்தப் பாடங்களைப் படிப்பீர்கள், அவை இங்கே எந்தப் பாடங்களுக்குப் பதிலாகக் கணக்கில் வரும் என்பதை எழுதி, நீங்களும் இரண்டு பக்கத்துப் பொறுப்பாளர்களும் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது.

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட். ஈசிடிஎஸ் என்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான கிரெடிட் முறை. ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். அதாவது 30 கிரெடிட் எடுத்தால் 900 மணி நேரம். புதிய நாடு, புதிய முறை, சமையல், அலுவலக அலைச்சல் இவற்றோடு 30 எடுப்பது கடினம். 20 முதல் 24 வரை போதும். கூடவே இரண்டு மாற்றுப் பாடங்களையும் எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன பிறகு ஒரு பாடம் இந்த முறை நடக்கவில்லை என்பார்கள், அல்லது ஆங்கிலத்தில் என்று போட்டிருந்த பாடம் ஜெர்மனில் நடக்கும்.

என்னோடு வந்த தோழிக்கு அதுதான் நடந்தது. அங்கே போய் ஒரு பாடத்தை மாற்றினாள், நன்றாகப் படித்துத் தேர்வும் எழுதினாள். ஆனால் லேர்னிங் அக்ரிமென்டில் அந்த மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. எட்டாவது செமஸ்டரில் புராஜெக்டோடு சேர்த்து அதற்குச் சமமான பாடத்தை இங்கே மறுபடி படித்தாள். பாடம் மாறினால் அதே வாரத்தில் தாளும் மாற வேண்டும்.

மதிப்பெண்ணையும் இப்போதே பேசிவிடுங்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை அவர்கள் மாற்றப் பயன்படுத்துவது பவேரியச் சூத்திரம்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பத்துக்கு 8.5, தேர்ச்சி எல்லை 5 என்றால் 1.9 வரும். திரும்பி வரும்போது உங்கள் கல்லூரி இதையே தலைகீழாகப் போடுமா, தனி அட்டவணை வைத்திருக்கிறதா, அல்லது மதிப்பெண்ணை விட்டுத் தேர்ச்சியை மட்டும் குறிக்குமா? சிஜிபிஏ மேல் கண் வைத்திருப்பவர்கள் இந்தப் பதில் தெரியாமல் விமானம் ஏற வேண்டாம்.

பணம்

விசாவுக்கு உங்கள் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். வழக்கமான வழி பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்பது கணக்கு, வருடத்துக்கு 11,904. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. மொத்தத்தையும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதா மாதம் 992 உங்கள் ஜெர்மன் வங்கிக் கணக்குக்கு வரும். இந்தத் தொகையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை உயர்த்துவார்கள். அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்த அளவுக்குக் குறையும்.

இதில் பலர் கவனிக்காதது முதல் மாதம். பிளாக்டு அக்கவுண்ட் பணம் கைக்கு வர மூன்று, நான்கு வாரம் ஆகலாம். ஆனால் அறை வாடகை, முன்பணம், பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் செமஸ்டர் பங்களிப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை என்றாலும் இந்தப் பங்களிப்பு உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 350 யூரோ வரை. ஆகவே ஃபாரெக்ஸ் கார்டிலும் கையிலுமாக 1,200 முதல் 1,500 யூரோ தனியாகக் கொண்டுபோங்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்புகிறார்கள் என்றால் இந்தத் தொகையையும் சேர்த்தே திட்டமிடச் சொல்லுங்கள். போய் இறங்கி ஒரு வாரத்தில் அப்பாவிடம் மறுபடி கேட்பது இரண்டு பக்கமும் வலிக்கும்.

எனக்கு மாதச் செலவு இப்படி இருந்தது: மாணவர் விடுதி அறைக்கு 300-க்குக் கொஞ்சம் மேல், சாப்பாட்டுக்கு 170 வரை, போனுக்கு 10, கூட மருத்துவக் காப்பீடு. முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவருக்கு அரசு சார்ந்த காப்பீடு இப்போது மாதம் 140 யூரோவுக்கு மேல். மியூனிக் போன்ற ஊரில் வாடகை மட்டுமே இதைப்போல் இரண்டு மடங்காகலாம். இரண்டு பல்கலைக்கழகங்களில் எதை எடுப்பது என்ற குழப்பம் இருந்தால் வாடகை குறைந்த ஊரை எடுங்கள்.

மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்கள் வேலையை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம். வேலை கிடைத்துப் பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும்.

அறையும் விசாவும்

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பியுங்கள். ஊருக்கு ஊர் ஷ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு விடுதிகளை நடத்துகிறது. சில பல்கலைக்கழகங்கள் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று அறைகளை ஒதுக்கி வைக்கும், ஆனால் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். விடுதி கிடைக்காவிட்டால் வேகே எனப்படும் பகிர்ந்து தங்கும் வீடு. விளம்பரத்தில் கால்ட் என்று போட்டிருந்தால் வெறும் வாடகை, வார்ம் என்றால் ஹீட்டர், தண்ணீர்ச் செலவும் சேர்ந்தது. ஒப்பிடும்போது வார்மையே பாருங்கள். வீட்டைக் காட்டாமல், "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யார் எழுதினாலும் அது மோசடி. பணம் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, அறை எடுக்கும்போது "இந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த அறை வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

ஐந்தாறு மாதம் தங்க வேண்டியிருப்பதால் ஷெங்கன் சுற்றுலா விசா போதாது. தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. அட்மிஷன் கடிதம், உங்கள் கல்லூரியின் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் சான்று, காப்பீடு, மார்க் ஷீட்கள், ஏன் போகிறீர்கள் என்று நீங்களே எழுதும் கடிதம் ஆகியவை அடிப்படை. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களிடம் ஏபிஎஸ் என்ற சரிபார்ப்புச் சான்றிதழும் கேட்கிறார்கள். மாணவர் வகைக்கு வகை இதில் விதி வேறு. அதனால் நண்பர் அனுப்பிய பட்டியலை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் வகைக்கான தூதரகப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்தச் சான்றிதழ் வேண்டுமென்றால் அதற்கே பல வாரம் ஆகும்.

விசா கையில் கிடைத்ததும் தேதியைப் பாருங்கள். கடைசித் தேர்வு நாளைத் தாண்டி அது செல்லுபடியானால் அங்கே தனியாகக் குடியிருப்பு அனுமதி எடுக்க வேண்டாம். பாதியில் முடிந்தால் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எடுக்க வேண்டும். அதற்கு 100 யூரோவும் நீண்ட காத்திருப்பும். விசாவுக்கு நீங்கள் எழுதும் கடிதத்திலேயே தேர்வுக் காலத்தின் கடைசித் தேதியைத் தெளிவாக எழுதிக் கேட்பது உதவும்.

பெட்டியில் என்ன

அம்மாக்கள் படிக்க வேண்டிய பகுதி இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பால்கோவா, நெய் விட்ட மைசூர்பாகு எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பொடி வகைகள், புளி, பெருங்காயம், எண்ணெயில் செய்த முறுக்கு, இவற்றில் பிரச்சினை இல்லை. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கண்டிப்பாக. மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் பிளக் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

குளிர் ஜாக்கெட்டை இங்கே பெரிய விலை கொடுத்து வாங்காதீர்கள். உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், மழை தாங்கும் மேல் ஜாக்கெட் ஒன்று போதும். மற்றதை அங்கே பழைய துணிக் கடையில் வாங்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். அங்கே பாராசிட்டமால் கூட மருந்தகத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஞாயிறன்று சுழற்சி முறையில் ஒன்றிரண்டு மருந்தகங்களே திறந்திருக்கும்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

வார நாளில், காலையிலோ மதியமோ போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினேன். விடுதிச் சாவி திங்கட்கிழமைதான் கிடைத்தது. இரண்டு பெட்டிகளோடு மூன்று இரவு பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் தங்கினேன்.

சாவி கிடைத்ததும் ஆன்மெல்டுங், அதாவது நகராட்சியில் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீட்டுக்காரரோ விடுதியோ தரும் ஒரு பக்க உறுதிச் சான்று, பாஸ்போர்ட், படிவம் போதும். ஆனால் முன்பதிவு நேரம் சீக்கிரம் கிடைக்காது. ஆகவே ஊரிலிருந்தே, அறை உறுதியான அன்றே இணையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள். அந்தப் பதிவுத் தாளை வைத்து வங்கிக் கணக்கு, வங்கிக் கணக்கை வைத்துப் பிளாக்டு அக்கவுண்ட் விடுவிப்பு. இன்னொரு பக்கம் காப்பீட்டை உறுதிசெய்து, செமஸ்டர் பங்களிப்பைக் கட்டினால் மாணவர் அட்டை வரும். பல ஊர்களில் அதோடு நாடு முழுக்க உள்ளூர்ப் பஸ், டிராம், மெதுவான ரயில்களில் செல்லும் பயணச் சீட்டும் சேர்ந்து வரும். வேக ரயிலான ஐசிஇ-யில் அது செல்லாது.

பதிவு செய்த சில வாரத்தில் தபால் பெட்டியில் ஒரு கடிதம் வரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்று ஒதுக்கி வைக்காதீர்கள். அது வீட்டுக்கான கட்டணம். ஒரு வீட்டைப் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய எண்ணைப் பதிலில் எழுத வேண்டும். பொதுவாகவே ஜெர்மனியில் தபாலில் வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்கக் கூடாது. மொழி புரியாவிட்டால் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், அன்றே.

வகுப்பும் தேர்வும்

அட்டவணையில் 10 மணி, பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10:15-க்குத் தொடங்கும். எஸ்.டி. என்று இருந்தால் சரியாக 10 மணி. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள், அது கைத்தட்டல். முதல் நாள் திடுக்கிட்டேன், அப்புறம் பிடித்துப்போனது.

விரிவுரைகளில் பெரும்பாலும் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை. இன்டர்னல் இல்லை. பல பாடங்களில் முழு மதிப்பெண்ணும் ஒரே தேர்வில்தான். நம் ஊரில் மாதா மாதம் டெஸ்ட் வைத்து நம்மைப் படிக்க வைத்துவிடுவார்கள். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பர் எல்லாம் நிம்மதியாகப் போகும். ஜனவரியில் கண் விழித்தால் பதினான்கு வாரப் பாடம் மலையாக நிற்கும். அதற்கு மருந்து ஊய்புங் எனப்படும் பயிற்சி வகுப்பு. விரிவுரையைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். தேர்வுக் கேள்விகள் இதன் சாயலில்தான் வரும். பழைய கேள்வித்தாள்கள் ஃபாக்ஷாஃப்ட் என்ற துறை மாணவர் குழுவிடம் இருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கும் தருவார்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்து, தேர்வுப் பதிவு. வகுப்புக்குப் பெயர் கொடுத்தது தேர்வுக்குப் பெயர் கொடுத்ததாகாது. இரண்டும் தனித்தனி. தேர்வுக்கு இணையத்தில் பதியக் கடைசித் தேதி உண்டு. பதிந்துவிட்டு எழுத விருப்பமில்லை என்றால் விலகவும் கடைசித் தேதி உண்டு. நான் ஒரு பாடத்தில் இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்துவிட்டேன். தேதி முடிந்த மறுநாள் தெரிந்தது. பேராசிரியருக்கு எழுதினேன், அன்பாகத்தான் பதில் அனுப்பினார், ஆனால் விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்கப் போன வகுப்பு, கணக்கில் வராமலேயே முடிந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த இரண்டு தேதிகளையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தோற்றால் மறுதேர்வு சில மாதம் கழித்து, அதுவும் நேரில். நமக்கு அது நடைமுறையில் சாத்தியமில்லை. சந்தேகமான பாடத்தில் கடைசித் தேதிக்குள் விலகி, மற்ற பாடங்களைக் காப்பாற்றுவதுதான் சரி.

இருட்டும் ஞாயிறும்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதிலிருந்து இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். நடுவிலும் மேகம், தூறல். ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து வெளியே வந்தால் நள்ளிரவு போல இருக்கும். ஊரில் அப்போது இரவு ஒன்பதரை, அம்மா தூங்கத் தயாராகிக்கொண்டிருப்பார். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். விடுதியில் ஜெர்மன் மாணவர்கள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த நிசப்தம் முதல் இரண்டு மாதம் மிகவும் கனத்தது. நாள் முழுக்கப் படுக்கையிலேயே இருந்த ஞாயிறுகள் உண்டு.

எனக்கு உதவியவை: வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தினமும் நாற்பது நிமிடம் வெளியே நடப்பது, தூறினாலும். மதியச் சாப்பாட்டைத் தனியாக அறையில் சாப்பிடாமல் மென்சா என்ற பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிடுவது. சனிக்கிழமையே காய்கறி வாங்கிவைத்து, ஞாயிறு யாரையாவது அழைத்துச் சாம்பார் வைப்பது. அழைக்கக் கூச்சப்படாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் எல்லோரும் அதே தனிமையில்தான் இருக்கிறார்கள். என் சாம்பாருக்கு முதலில் வந்தவள் பக்கத்து அறை மெக்சிகோ மாணவி. மிளகாய் போதவில்லை என்றாள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாணவர் நல அமைப்பின் ஆலோசகரைப் பாருங்கள். இலவசம், ஆங்கிலத்தில் பேசுவார்கள், உங்கள் துறைக்குத் தெரியாது.

அப்புறம், நம் ஆட்கள். ரைன் நதியை ஒட்டிய பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காய், இடியப்ப மா, ஏன், நல்ல கறிவேப்பிலையும் கிடைக்கும். ஒரு கடையில் நான் தயங்கித் தயங்கி ஜெர்மனில் கேட்க, "படிக்க வந்த பிள்ளையோ?" என்று கேட்டு, ஒரு பிடி கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பையில் போட்டார் கடை நடத்தும் அன்ரி. ஹம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆஹனிலிருந்து ஆர்இ 1 ரயில் நேராக ஹம் வரை போகிறது, மாணவர் சீட்டிலேயே. தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் தெரிந்ததும் அந்த ஜனவரி ஞாயிறு வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாம், ஆனால் ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை, ஜெர்மன் கற்றுப்போனால் அலுவலகத்திலும் கடையிலும் முகங்கள் மாறும். நம் நீ, நீங்கள் போலவே அவர்களிடம் டூ, ஸீ என்று இரண்டு உண்டு. மாணவர்களுக்குள் டூ, அலுவலகத்தில், பேராசிரியரிடம் ஸீ. இதை நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம்.

சில சின்ன விஷயங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு. காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள். இரவு பத்துக்கு மேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது, மிக்ஸியும் அதில் சேர்த்தி. அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110, இரவிலோ விடுமுறையிலோ மருத்துவர் வேண்டுமென்றால் 116117.

கிளம்பும் முன்

கடைசித் தேர்வுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது பத்து நாள் விடுங்கள். விடுதியை எத்தனை நாள் முன்பு காலி செய்வதாகச் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள், சில இடங்களில் பல வாரம். அறையைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து, ஒப்படைத்த தாளில் கையெழுத்து வாங்குங்கள். ஆன்மெல்டுங் செய்தது போலவே கிளம்பும்போது ஆப்மெல்டுங் செய்ய வேண்டும். அந்தத் தாளைக் காட்டித்தான் காப்பீட்டையும் வானொலிக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். நிறுத்தாமல் வந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும், பிறகு மாஸ்டர்ஸுக்குப் போகும்போது அது எதிரில் நிற்கும்.

வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள். அறை முன்பணம் திரும்பி வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அது வந்த பிறகு இணையத்தில் மூடிக்கொள்ளலாம்.

நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரப் பக்கத்தையும், அதாவது சிலபஸ், மணி நேரம், கிரெடிட் எல்லாம் இருக்கும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். மாணவர் கணக்கு மூடப்பட்டால் அதை எடுக்க முடியாது. உங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவு அதைத்தான் முதலில் கேட்கும். தேர்வு முடிவுகள் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். ட்ரான்ஸ்கிரிப்ட்டை உங்களுக்கும் உங்கள் கல்லூரிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு அது மே மாதம் இரண்டாவது வாரம் வந்தது. லேர்னிங் அக்ரிமென்ட், சிலபஸ் பக்கங்கள், ட்ரான்ஸ்கிரிப்ட் மூன்றையும் ஒன்றாகக் கோத்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தேர்வுப் பிரிவில் கொடுத்து, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்தேன். நீங்களும் முத்திரை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.